இடது கை வெற்றிலை

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே தெரியும் மங்கம்மாள் சத்திரத்தை அறியாதவர் இப்பக்கத்தில் அநேகமாய் இருக்க மாட்டார்கள். தெற்கே போகும் பழைய பாதைக்குக் கிராமத்தார் மங்கம்மாள் சாலை என்றே பேர் சொல்லுகின்றார்கள். அந்த அம்மாள் ஏன் இதையெல்லாம் செய்தார் என்று கேட்டால், உடனே ஒரு கதை வரும். ராணி ஒரு நாள் ஞாபகப் பிசகாய் இடது கையால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாராம். அது மகா பாவமாம். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் சாலை போட்டுச் சத்திரம் கட்டினாராம்!

தோழர்களே! திருமலை நாயக்கர் மகால் கட்டினாரே, அவர் எந்தக் கையால் எதைத் தின்ற பாவத்திற்காகக் கட்டினார் என்று யாராவது கேட்டதுண்டா? ஆண் கட்டினால் கீர்த்தி, பெண் கட்டினால் பிராயச்சித்தம் என்பது எந்த ஊர் நியாயம்?

உண்மையில் நடந்ததென்ன? மங்கம்மாள் சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682ல் புருஷன் இறந்தபோது அவர் உடன்கட்டை ஏறவில்லை. இது சாமானியமல்ல. பக்கத்து இராமநாதபுரத்தில் 1710ல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவர் மனைவியர் 47 பேர் அவரோடு நெருப்பில் மாண்டதாய்ப் பாதிரிமார் எழுதி வைத்திருக்கின்றார்கள். மங்கம்மாளும் அப்படிச் செத்திருந்தால் அவருக்கும் ஒரு மாலை கட்டிப் போட்டிருப்பார்கள். நமக்குச் சாலை கிடைத்திராது.

1689ல் மகன் அம்மை நோயில் மாண்டார். மருமகளும் பிள்ளை பெற்ற சில நாளில் இறந்தார். கைக்குழந்தையான பேரனுக்காக அந்த அம்மாள் ஏறத்தாழ 17 வருஷம் ஆட்சி நடத்தினார். வடக்கே மொகலாயர், மேற்கே மைசூரார், கிழக்கே தஞ்சை மராட்டியர். மொகலாயருக்குக் கப்பம் கட்டி நாட்டைப் பாழாகாமல் காத்தார். திருவாங்கூர் கப்பத்தை நிறுத்தியபோது 1697ல் படை அனுப்பினார். கோயில்களுக்கு மானியம் விட்டவர், திருச்சி நத்தர்வலி தர்காவுக்கும் விட்டார்.

அவர் பிசகே செய்யாதவர் என்று நாம் சொல்லவில்லை. 1702ல் சேதுபதியின்மீது படை அனுப்பித் தளவாய் நரசப்பையாவைப் பலி கொடுத்தார். அவர் பகுத்தறிவுவாதியுமல்லர். ஆனால் சாலையில்லாமல் வியாபாரமும் இல்லை, வழிப்போக்கனுக்கு நிழலும் இல்லை என்று அறிவதற்கு ஒருவர் இடது கையால் வெற்றிலை போட வேண்டுமா என்பதுதான் நமது கேள்வி.

இன்னொரு கதையும் உண்டு. மந்திரி அச்சையாவோடு ராணியைச் சேர்த்துப் பேசும் கதை. பெண் ஆளுகின்றாள் என்றால் பின்னால் ஓர் ஆண் இருந்தே தீரவேண்டும் என்ற எண்ணத்தைத் தவிர அதற்கு வேறு ஆதாரமில்லை. பேரனுக்குப் பட்டம் கட்டும் காலத்தில் அந்த அம்மாளைச் சிறையிலிட்டுப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பதும் ஊரார் பேச்சு. எப்படி இறந்தாரோ, பேச்சு இன்னும் சாகவில்லை.

இது பழங்கதைதானே என்பீர்கள். இல்லை. நம் மாகாணத்தில் உள்ளூராட்சியில் பாதி இடம் பெண்களுக்கென்று 2016ல் சட்டம் வந்தது. ஆனால் எத்தனை ஊரில் தலைவி கையெழுத்துப் போட, நாற்காலியில் புருஷன் உட்கார்ந்திருக்கின்றான்? அந்த அம்மாளே தெருவிளக்குப் போட்டாலும் "அவர் சொல்லிக் கொடுத்திருப்பார்" என்று பேசும் வாய் எத்தனை?

ஆகவே, மங்கம்மாள் சாலையில் நடக்கும் தோழர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு வெற்றிலைக் கதையைச் சொல்லாதீர்கள். ஒரு பெண் யோசித்துப் போட்ட சாலை இது என்று சொல்லுங்கள். அது போதும்.