முட்டையை எழுப்பும் கல்சியம்

பத்து முட்டைகள் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கணவரின் விந்தணுவை ஊசியால் செலுத்தினார்கள். மறுநாள் பார்த்தால் ஒன்றுகூடக் கருக்கட்டவில்லை. பெருஞ்செலவோடும் துஆவோடும் காத்திருந்த தம்பதியருக்கு இது தாங்க முடியாத செய்தி. இத்தகைய முழுத் தோல்வி நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரையான சிகிச்சைகளிலேயே நேர்கிறது. ஆனால் நேர்ந்த வீட்டில், "அவளுடைய முட்டையில்தான் பழுது" என்ற பேச்சு உடனே கிளம்பிவிடும். அது எப்போதும் சரியல்ல, சகோதரிகளே.

முதிர்ந்த முட்டை, தன் கலப்பிரிவைப் பாதியில் நிறுத்திவிட்டு உறங்குவது போலக் காத்திருக்கிறது. விந்தணு உள்ளே வந்ததும் முட்டைக்குள் கல்சியம் திடீரெனப் பெருகி அலையாகப் பரவுகிறது. அலை தணியும், சில நிமிடங்களில் மீண்டும் எழும். பல மணி நேரம் இப்படியே நடக்கும். இந்தத் துடிப்புகள்தாம் முட்டையை எழுப்பி, நின்ற பிரிவை முடித்து, கருவாக வளரத் தொடங்கச் செய்கின்றன. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெடாகா என்ற ஜப்பானிய மீனின் முட்டையில் இந்தக் கல்சியப் பெருக்கைக் கண்டார்கள். கல்சியம் பட்டால் ஒளிரும் ஒரு புரதத்தை ஜெலிமீனிலிருந்து எடுத்து அதற்குப் பயன்படுத்தினார்கள். அல்லாஹ்வின் படைப்பில் ஒன்றின் இரகசியத்தை இன்னொன்று காட்டித் தருகிறது!

இந்தக் கல்சியம் முட்டை தனக்குள்ளேயே சேமித்து வைத்திருப்பது. ஆகவே பால் குடிக்கவில்லை, குளிசை விழுங்கவில்லை என்று எவரும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சேமிப்பைத் திறக்கும் சாவி எங்கிருந்து வருகிறது? விந்தணுவிலிருந்து. பி.எல்.சி. சீட்டா என்ற அந்தப் புரதத்தை 2002இல் வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகர ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் 'இக்சி' முறை 1992இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரிலிருந்து வெளிவந்தது. அதற்கு முன், கணவரின் விந்தணு மிகக் குறைவாயின் அந்நியரின் விந்தை நாடுவதே மேல்நாட்டு வைத்தியம். நமக்கு அது ஆகாத வழி. கணவன் மனைவிக்குரியவற்றை மட்டும் சேர்ப்பதை 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச பிக்ஹ் சபை அனுமதித்திருந்ததால், இக்சி நம் குடும்பங்களுக்குப் பெரிய வாசலாயிற்று. ஆனால் ஊசி விந்தணுவை உள்ளே கொண்டு போகுமேயன்றி, விந்தணுவில் இல்லாத சாவியைக் கொடுக்காது. சில ஆண்களின் விந்தணுக்கள் எல்லாமே உருண்டைத் தலையுடன் இருக்கும்; பெரும்பாலும் அவற்றில் இப்புரதம் இருப்பதில்லை. முட்டை உறங்கியபடியே கிடக்கும்.

இதற்கு வழியுண்டு. விந்தணுவைச் செலுத்தியபின், கல்சியத்தை உள்ளே விடும் அயனோபோர் என்ற மருந்துக் கரைசலில் முட்டையைச் சில நிமிடங்கள் வைப்பார்கள். உருண்டைத் தலை விந்தணு உள்ளவர்களுக்கும் இதனால் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். எனினும் இது எல்லோருக்கும் உரியதல்ல. கருக்கட்டல் முற்றாகத் தவறியவர்கள், மிகக் குறைவாக நடந்தவர்கள், உருண்டைத் தலை விந்தணு உள்ளவர்கள் ஆகியோருக்கே உரியதென 2023இல் ஐரோப்பிய இனப்பெருக்க வைத்தியச் சங்கம் அறிவுறுத்தியது. "எதற்கும் சேர்த்துச் செய்வோம்" என்று கட்டணப் பட்டியலில் ஏற்றினால் காரணம் கேளுங்கள்.

முட்டையிலும் குறை இருக்கலாம். முதிராத முட்டை எந்தச் சாவிக்கும் திறக்காது. ஆகவே அடுத்த சிகிச்சைக்கு முன் கணவரையும் அழைத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: எடுத்தவற்றுள் எத்தனை முட்டைகள் முதிர்ந்திருந்தன? விந்தணுவின் தலை அமைப்பு எப்படியிருந்தது?