அழுகண்ணிக்கு ஒரு சாண் சேறு

தோட்டப்புறச் செய்திகளை முப்பது ஆண்டுகளாக எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். சப்பிரகமுவ மாகாணம் நமது பத்திரிகைகளில் மூன்று காரணங்களுக்காகவே இடம்பெறுகிறது: சம்பளம், மண்சரிவு, வெள்ளம். மூன்றும் எழுதப்பட வேண்டியவைதாம். அவற்றுக்கு அப்பால் அந்த மண்ணில் என்ன முளைக்கிறது என்று எந்த ஆசிரியரும் நிருபரைக் கேட்டதில்லை. நானும் ஆசிரியர் பீடத்திலிருந்து கேட்கப்பட்டதில்லை. ஆகவே, தேயிலையும் இறப்பரும் அல்லாத ஒரு செடியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். உயரம் ஒரு சாண் கூட இராது.

தாவரவியலார் ட்ரோசெரா என்று அழைக்கும் இனம் அது. இலங்கையின் ஈரமான தாழ்நிலங்களில் இதில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, தரையோடு தரையாகச் சிறு ரூபாய் நாணயம் அளவுக்கு இலைகளை வட்டமாக விரித்து, நடுவிலிருந்து மெல்லிய தண்டில் வெள்ளைப் பூக்களை உயர்த்துவது. மற்றது, நூல் போன்ற இலைகளுடன் நிமிர்ந்து வளர்வது. இரண்டின் இலைகளிலும் செந்நிற மயிர்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி பசை, வெயிலில் பனித்துளி போல மின்னும். நீர் என்று நம்பி வந்து அமரும் கொசுவும் சிற்றெறும்பும் ஒட்டிக்கொள்ளும். வட்ட வகையின் ஓர மயிர்கள் சில விநாடிகளுக்குள் உள்நோக்கி மடிந்து இரையை அமுக்கிவிடும். தாவரம் இத்தனை விரைவாக அசைவது அபூர்வம்.

பெயர்களைக் கவனியுங்கள். நூலிலை வகைக்குச் சிங்களத்தில் 'கந்துளெஸ்ஸ' என்று பெயர். கந்துள என்றால் கண்ணீர். நமது சித்த மருத்துவ மரபில் 'அழுகண்ணி' என்றொரு மூலிகை பேசப்படுகிறது. வேறு செடியைச் சுட்டுவோரும் உண்டு எனினும், பலர் அதை இந்தச் செடியாகவே கொள்கின்றனர். ஆங்கிலேயன் அதே துளியைப் பார்த்து 'சூரியப் பனி' என்றான். இத்தீவின் இரண்டு மொழிகளுக்கோ அது கண்ணீராகத்தான் தெரிந்திருக்கிறது. இரு மொழிக்காரரும் ஒத்துப்போன விடயங்கள் சிலவே என்பதால் இதைக் குறித்துவைக்கிறேன்.

வட்ட வகையின் அறிவியற் பெயரில் பர்மன் என்ற டச்சுக்காரரின் பெயர் ஒட்டியிருக்கிறது. இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737இல் நூல் வெளியிட்ட யோஹன்னஸ் பர்மனே அவர். அதற்கு முன்பே, 1670களில் டச்சுக் கம்பனியின் மருத்துவராக இங்கிருந்த பவுல் ஹேர்மன் சேகரித்த உலர்செடிகளை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் 'புளோரா சிலானிக்கா'வை எழுதினார். சார்ள்ஸ் டார்வினுக்கு இந்த இனத்தின் மீது ஏற்பட்ட பித்தோ பெரிது. உலகத்து உயிரினங்கள் அனைத்தின் தோற்றத்தையும் விட ட்ரோசெராவே தமக்கு முக்கியம் என்ற பொருளில் 1860இல் நண்பர் லயலுக்கு எழுதியவர் அவர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு முழு நூலையே வெளியிட்டார். இவ்வளவு பெருமையுள்ள செடியை நாம் களை என்று கொத்திப் போடுகிறோம்.

நிற்க. இச்செடி ஏன் பூச்சி பிடிக்கிறது? மண்ணில் நைதரசன் இல்லாததால். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பக்கத்தில் சத்தெல்லாம் கழுவப்பட்டு, புளிப்பேறிய ஏழை மண் ஊற்றுக் கசிவுகளின் ஓரத்தில் எஞ்சும். வேறு செடிகள் வாழ மறுக்கும் இடம் அது. அங்கே போட்டியில்லாமல், முழு வெயிலில், வேர் எப்போதும் நனைந்தபடி அழுகண்ணி வாழ்கிறது. அதே இடத்தில் உரம் வந்து சேர்ந்தால் செடி கொழிக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. புல் கொழிக்கும், புல்லின் நிழலில் இது மாய்ந்துபோகும்.

இங்கேதான் இது பூச்செடி விவகாரமாக இல்லாமல் குடிநீர் விவகாரமாக மாறுகிறது. தோட்ட லயங்கள் பலவற்றுக்குத் தண்ணீர் வருவது மலைக்கசிவிலிருந்து. அந்த ஊற்றுநீர் குழாய் வழியே இறங்கிப் பீலியில் கொட்டும். குளிப்பதும் குடிப்பதும் அதில்தான். சத்தற்ற தெளிந்த நீரில் மட்டுமே நிலைக்கும் ஒரு செடி அந்தக் கசிவின் ஓரத்தில் நிற்கிறது என்றால், மேலே போட்ட உரம் இன்னும் கீழே இறங்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. கடந்த ஆண்டு இருந்து இந்த ஆண்டு காணாமற்போனால், மேலே என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அது மாற்றாகாது. ஆனால் ஆய்வுகூடம் லயத்துக்கு வருவதில்லை. செடி அங்கேயே இருக்கிறது.

களைகொல்லிக் கொள்கையில் நமது அரசாங்கங்கள் ஆடிய ஆட்டம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கிளைபோசேற் 2015இல் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்கு. 2022இல் தடையே நீங்கியது. நடுவில், 2021இல், இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கினார்கள். இந்த வாதங்கள் அனைத்திலும் விளைச்சல் பேசப்பட்டது, ஏற்றுமதி வருமானம் பேசப்பட்டது. தெளிக்கும் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றிச் சிலர் பேசினர். ஊற்றுக் கண்ணைச் சுற்றி இத்தனை மீற்றருக்குள் எதுவும் தெளிக்கக்கூடாது என்று ஒவ்வொரு தோட்டத்திலும் கோடு போட்டுக் கொடுக்கலாமே என்ற எளிய யோசனையை எவரும் உரக்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

கேகாலைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர், என் நீண்டகால வாசகர், இதற்குத் தன் வழியில் ஒரு பதில் செய்தார். பாடசாலைக் கட்டடத்தின் பின்புறம் நான்கடி நீளம், மூன்றடி அகலம், முழங்கால் ஆழத்துக்குக் குழி. அதில் தடித்த பொலித்தீன் விரிப்பு. அடியில் துளையில்லை, நீர் தேங்கி நிற்பதற்காக, பக்கவாட்டில் மேல்விளிம்பிலிருந்து அரையடி கீழே நாலைந்து துளைகள் மட்டும். உள்ளே, கழுவிய வெள்ளை மணலும் தென்னந்தும்புத் தூளும் சரிபாதி. தும்புத்தூளில் உப்பு இருக்கும் என்பதால் மூன்று நான்கு தடவை மழைநீரில் அலசிப் பிழிந்தார்கள். கடையில் விற்கும் பூந்தொட்டி மண் உதவாது. அதில் உரம் கலந்திருக்கும். கிணற்று நீரும் குளோரின் கலந்த குழாய் நீரும் ஆகாது. கூரைப் பீலியிலிருந்து விழும் மழைநீர்தான்.

விதை தூசியை விட நுண்ணியது. காய்ந்த பூந்தண்டை ஒரு கடதாசி மேல் தட்டினால் கொட்டும். அதை மண்ணில் புதைக்கக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேற்பரப்பில் தூவிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சும்மா இருப்பதுதான் கடினமாக இருந்ததாம். சில வாரங்களில் ஊசிமுனை அளவு பச்சை தெரிந்தது. பூச்சி பிடித்துப் போட வேண்டியதில்லை; செடியே பார்த்துக்கொள்ளும். அநேகமாக ஓராண்டோடு முதல் செடி முடிந்துவிடும். அது உதிர்த்த விதை தொடரும். செலவு என்று பார்த்தால் பொலித்தீன் காசுதான்.

அந்தக் குழி இரண்டாம் ஆண்டில் முடிந்தது. எல்லை ஓரம் களைகொல்லி தெளித்தவர் அதன் மீதும் தெளித்துவிட்டுப் போனார். அவர் மீது குறையில்லை. காட்டிய இடத்தில் தெளிப்பது அவருடைய வேலை. பாடசாலையின் பின்புறம் யாருடையது என்பது அங்கே எவருக்கும் தெளிவில்லை என்பதுதான் குறை. 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்தோம், நடைபயணம் போனோம், மேடைகளில் பேசினோம். ஏழு பேர்ச்சஸ் காணி என்ற வாக்குறுதி சிலருக்கு உறுதிப்பத்திரமாயிற்று. பலருக்கு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. லயத்தின் முன்னால் கத்தரி நட்டவருக்கே அது நாளை தன்னுடையதா என்று தெரியாத நிலையில், சேற்றில் ஒரு பூவை ஓராண்டு காத்திருந்து வளர்க்கச் சொல்வது எப்படி?

"சம்பளத்துக்கே வழியில்லை, பூவைப் பற்றி எழுத வந்துவிட்டீர்" என்று சில அன்பர்கள் கடிதம் எழுதுவார்கள், எழுதட்டும். சம்பளத்தைப் பற்றியும் எழுதுவேன், இதுவரை எழுதியதை விடக் கூடுதலாக. ஆனால் தோட்டத்துப் பிள்ளை தன் காலடி மண்ணைக் கொழுந்து எடைக் கணக்காக மட்டுமே அறிந்தால் போதும் என்ற எண்ணம் துரைமாருடைய எண்ணம். அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை. டார்வின் வியந்த செடி உன் பீலிக்கரையில் நிற்கிறது என்று ஏழாம் வகுப்பு மாணவிக்குச் சொல்வதால் அவளுடைய தாயின் நாட்கூலியில் ஒரு சதமும் குறையாது.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு எவரும் ஊற்றோரத்துச் செடியைப் பிடுங்கிக் கொண்டுபோக வேண்டாம். நமது குடுவைச் செடிக்கு, இத்தீவுக்கே உரிய 'பந்துர'வுக்கு, அதுதான் நடக்கிறது. வீதியோரத்தில் கொடியோடு அறுத்து எடுத்துப் போகிறார்கள். பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதன் பேரினம் முழுவதும் இருந்தும் பலன் குறைவு. அழுகண்ணியை விதையிலிருந்து மட்டுமே வளருங்கள். ஒரு தண்டின் விதை ஒரு குழிக்குப் போதும், மற்றத் தண்டுகள் அங்கேயே உதிரட்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இங்கிருந்து விதை வரவழைக்க நினைக்க வேண்டாம். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, கனடாச் சதுப்புகளில் வட்ட இலையுடன் இதன் உறவுச் செடியே வளர்கிறது. டார்வின் பார்த்ததும் அதைத்தான். அதற்கும் மழைநீரும் வெயிலும் ஏழை மண்ணுமே வேண்டும், குளிர்காலத்தில் அது மொட்டாகச் சுருங்கி உறங்கும் என்பது மட்டுமே வேறுபாடு. அங்கேயும் காட்டுச் செடியைத் தோண்டுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கும். முறையாக விதையிட்டு வளர்க்கும் நாற்றுப்பண்ணைகளில் கேளுங்கள்.

கேகாலை ஆசிரியர் மறுபடி குழி வெட்டியிருக்கிறார். இம்முறை கல்லடுக்கி எல்லை கட்டி, மூன்று மொழிகளிலும் பலகை வைத்திருக்கிறாராம். பலகையில் செடியின் பெயரை எழுதவில்லை. 'இங்கே தெளிக்க வேண்டாம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.