மஞ்சளேறிய முகப்பு விளக்கு

மாணவர்களே, ஆயுத பூசை நாளில் பெங்களூரு வீதிகளில் நடந்து பாருங்கள். வண்டிகளைக் கழுவி, மாலை சூட்டி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். முகப்பு விளக்குகளுக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஆனால், பொட்டிட்ட அவ்விளக்குகளில் பல, பழைய புத்தகத் தாளைப்போல மஞ்சளேறி மங்கிக் கிடக்கும். அதை எவரும் குறையாகவே எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பதே என் கருத்து.

முற்காலத்து அம்பாசிடர், பத்மினி போன்ற கார்களின் விளக்கு முகப்பு உண்மையான கண்ணாடியால் ஆனது. கல் பட்டால் உடையும், வெயிலில் மஞ்சளாகாது. இன்றைய கார்களில் நாம் கண்ணாடி என்று அழைப்பது பாலிகார்பனேட் என்னும் நெகிழி. எடை குறைவு, எளிதில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மட்டும் அதற்குப் பகை. ஆகவே, தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய காப்புப் பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். சில ஆண்டுகளில் வெயிலும் தூசும் அப்பூச்சை அரித்துவிடுகின்றன. பெங்களூரு குளிர்ந்த ஊராயிற்றே என்று நினைக்கலாம். குளிர்ச்சி வேறு, கதிர் வேறு. இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்களின் வலிமையும் கூடும். நிழலின்றித் தெருவோரம் நிற்கும் கார்களோ இங்கு ஏராளம்.

விளக்கு மங்கினால் என்ன கெட்டுவிடும்? விடுமுறைக்கு நீங்கள் ஊருக்குப் போகும் வழியை நினைத்துப் பாருங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டினால் தொப்பூர்க் கணவாய். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. இரவில் அங்கே பழுதான லாரி ஒன்று விளக்கின்றி நின்றால், அதை முன்கூட்டியே காட்ட வேண்டியது நம் காரின் ஒளிதான். அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமாகிய ஏ.ஏ.ஏ. 2018இல் வெளியிட்ட ஆய்வில், மிகவும் மங்கிய விளக்குகள் புதியவற்றின் ஒளியில் ஏறத்தாழ 5இல் 1 பங்கை மட்டுமே தந்தன. மீதியில் ஒரு பகுதி மங்கலில் அடைபடுகிறது. ஒரு பகுதி சிதறி, எதிரே வருபவரின் கண்களைக் கூசச் செய்கிறது. இன்னும் வலிய பல்பை மாட்டுவோரும் உண்டு. அது கூச்சத்தைத்தான் பெருக்கும்.

முழு விளக்கையும் மாற்றிவிடலாமே என்பர் சிலர். மேற்பரப்பு மட்டும் கெட்டதற்கு முழு விளக்கையும் குப்பையில் எறிவது வீண். மெருகேற்றியே பழைய தெளிவைப் பெறலாம். சுற்றியுள்ள பெயிண்டில் கீறல் விழாதபடி மாஸ்கிங் டேப் ஒட்டி, நீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். முதலில் 800 அல்லது 1000 எண் தாள், பிறகு 2000, முடிவில் 3000. எண் ஏற ஏறத் தாள் நயமாகும். முதல் தேய்ப்பில் விளக்கு முன்னைவிட வெளுத்துப்போய், கெடுத்துவிட்டோமோ என்ற அச்சம் வரும், அஞ்ச வேண்டா. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறல்களை அழிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் அக்கீறல்கள் கடைசிவரை தெரியும். பின்னர்ப் பாலிஷ் இட்டுத் தேய்த்தால் தெளிவு பிறக்கும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பற்பசையால் தேய்த்துப் பளபளப்பைக் காட்டுவோரும் இவ்வகையினரே. எனக்கு உடன்பாடில்லாதது இதுதான். தேய்க்கும்போது எஞ்சியிருந்த காப்புப் பூச்சும் போய்விடுகிறது. மேலே ஒன்றும் பூசாமல் விட்டால் சில மாதங்களிலேயே மஞ்சள் திரும்பும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட்டைத் தூசியில்லாத இடத்தில் பூசி, நன்கு உலரவிட்ட பிறகே வேலை முடிந்ததாகும். வண்டியைப் பட்டறையில் விடும்போது, எவ்வளவு பளபளக்கும் என்று கேட்காமல், தேய்த்தபின் மேலே என்ன பூசுவீர்கள் என்று கேட்கும்படி உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள்.

உள்ளே நீர் தேங்கிய விளக்குக்கும், விரிசல் விழுந்த விளக்குக்கும் இவ்வைத்தியம் பலிக்காது. அந்நிலையில் ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளுக்குப் போய்ப் புதியது வாங்குவதில் தவறில்லை.