முயலுக்குக் குளிப்பு வேண்டாம், உலர்ந்த கூடு வேண்டும்

அண்மையில் நாம் சென்ற ஒரு குடியிருப்பில், முற்றத்து மூலையில் முயற்கூடு ஒன்று வெறுமையாகக் கிடந்தது. முயலில் நாற்றம் வீசுகிறதென்று வீட்டுச் சிறுமி சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறாள். மறுநாட் காலை அது விறைத்துக் கிடந்தது. “எங்களிட்டை எது வந்தாலும் நிலைக்காது” என்றார் தாய். அந்தச் சொல்லே எம்மை இதனை எழுதத் தூண்டியது.

காணியை விட்டு இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்திற்கு முயல் பொருத்தமான பிராணி. மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். முயலுக்கோ உறவினர் வளவின் ஒரு மூலையும் வேலியோரப் புல்லும் போதும். பிள்ளைகளுக்கு அது ஒரு தோழன். ஆனால் பல வீடுகளில் வந்த சில மாதங்களிலேயே முயல்கள் இறந்துவிடுகின்றன. இதற்கு விதியும் ராசியும் காரணமல்ல. பெரும்பாலும் ஈரமான கூடே காரணம் என்பது எமது கருத்து.

முயல் பூனையைப் போலத் தன் உடலைத் தானே நக்கித் துப்புரவாக்கும். அதன் அடர்ந்த உரோமம் நனைந்தால் எளிதில் உலராது. குளிரும் பயமும் சேர்ந்து அதனைக் கொன்றுவிடலாம். பிடிக்கும்போது உதறித் துள்ளினால் முதுகெலும்பே முறிந்துவிடும். முயல் மணக்கிறதென்றால் கூடு மணக்கிறது என்றே பொருள். கழுவ வேண்டியது கூட்டையே.

சிறுநீர் தேங்கிய கூட்டிலிருந்து எழும் காரமான ஆவி முயலின் மூக்கையும் சுவாசத்தையும் கெடுக்கிறது. ஈரத் தரையில் நின்று பின்னங்கால்கள் புண்ணாகின்றன. பால் மறந்த குட்டிகள் வயிறு ஊதிக் கழிச்சலால் இறப்பதற்குக் கொக்சிடியா என்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமி முக்கிய காரணம். புழுக்கையோடு வெளியேறும் இக்கிருமி, ஈரத்தில் ஏறத்தாழ இரண்டு நாள் கிடந்த பின்னரே நோயைத் தரும் பக்குவத்தை அடைகிறது. ஆகவே நாள்தோறும் புழுக்கையை அகற்றுபவர் நோயை முந்திக்கொள்கிறார். புல்லையும் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிட வேண்டும்.

“குடிக்கவே தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறோம், கூடு கழுவுவது எப்படி?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் துப்புரவுக்குத் தண்ணீரை விட வெயிலே அதிகம் வேண்டும். கூட்டை நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்துங்கள். பிளந்த கமுகஞ் சலாகைகளை அரை அங்குல இடைவெளி விட்டுத் தரையாக அடியுங்கள். அத்தகைய தட்டு இரண்டு இருந்தால், ஒன்று கூட்டில் இருக்க மற்றதைச் சுரண்டி வெயிலில் காயவிடலாம். கிழமைக்கு ஒருமுறை ஒரு கேத்தல் கொதிநீர் ஊற்றினால் இன்னும் நல்லது. கீழே விழும் புழுக்கை கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை. தகரக் கூரையானால் மேலே கிடுகு பரப்புங்கள். முயலுக்கு வியர்ப்பதில்லை, வெக்கையை அது தாங்காது.

கிழமைக்கு ஒருநாள் முயலை மடியில் வைத்து நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். காதினுள் மண்ணிறப் பொருக்கு இருந்தால் அது சிற்றுண்ணியால் வரும் சிரங்கு. பொருக்கைப் பிய்க்காமல், சில துளி தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நகம் நீண்டிருந்தால் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே தெரியும் இரத்த நாளத்துக்கு அப்பால் நுனியை மட்டும் வெட்டுங்கள். முயலின் பல் ஆயுள் முழுவதும் வளரும். புல்லே அதனைத் தேய்க்கும். சோறும் பாணும் கொடுத்து வளர்த்தால் பல் நீண்டு, தின்ன முடியாமல் மெலியும். பின்புறத்தில் கழிச்சல் ஒட்டியிருந்தால் ஈ முட்டையிட்டு ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். அவ்விடத்தை மட்டும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி எடுங்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள். முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்பது நோயல்ல. இயற்கை அதற்கு வகுத்த உணவு முறை. அதற்காகப் பிள்ளைகள் அதனை அடிக்கக் கூடாது. சொறிக்குப் பயிர்நாசினியோ கழிவு எண்ணெயோ பூசுவதோ பெருந்தவறு. முயல் நக்கித் தன்னைத் துப்புரவாக்கும்போது நஞ்சு வயிற்றுக்குள் போகும். சில வகைச் சொறி எம் கைக்கும் தொற்றும்; தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

வாழ்வாதாரமென்று முயல் வழங்குவோருக்கும் ஒரு வார்த்தை. வழங்கிய முயல்கள் எத்தனை என்று கணக்கெழுதுகிறோம். கூட்டின் தரையைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. திருச்சபையின் பணியாளர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. சலாகைத் தட்டின்றி, கற்பித்தலின்றி, மறுமாதம் வந்து பாராமல் கொடுக்கும் முயல் உதவியாகாது. அது இழப்புகள் பல கண்ட குடும்பத்துக்கு மேலும் ஓர் இழப்பைக் கொடுப்பதாகும். இறந்த பின் “பராமரிக்கத் தெரியாதவர்கள்” என்று மக்களைக் குறைசொல்வது அநீதி.

பெற்றோரும் முயலைப் பிள்ளையின் விளையாட்டுப் பொருளென்று விட்டுவிடலாகாது. நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளையோடு கூட்டருகே நில்லுங்கள். சொந்த மண்ணை விட்டு வந்த பிள்ளைக்கு, தன் கையில் ஓர் உயிர் தழைப்பதைக் காண்பது சிறிய காரியமன்று. அந்த வீட்டுக்கு மீண்டும் ஒரு சோடி முயல் போகவேண்டும். இம்முறை கூட்டின் தட்டு முதலில் போகட்டும்.