பத்து சதவீதத்துக்குப் பெயர் என்ன?

2026 ஜனவரி 3 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் ‘தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்ட’த்தை அறிவித்ததும், அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ தன் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது. கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம் என்ற வரியிலேயே எல்லோருடைய கண்ணும் நின்றுவிட்டது. அதே அறிவிப்பில் இருந்த இன்னொரு எண்ணை யாரும் உரக்கப் படிக்கவில்லை. ஊழியரிடம் 10 சதவீதம் பிடித்தம்.

1.4.2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர் ஓய்வூதியத்துக்காக ஒரு பைசா கொடுத்ததில்லை. அவரிடம் பிடித்தது பொது வருங்கால வைப்பு நிதி (ஜிபிஎஃப்). அது அவர் சேமிப்பு, வட்டியோடு திரும்பிவிடும். அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவரோ அதே பாதிச் சம்பளத்துக்குப் பணிக்காலம் முழுக்கக் கட்ட வேண்டும். அகவிலைப்படி சேர்த்து 60,000 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 6,000. ஊதிய உயர்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 30 ஆண்டுகளில் 21 லட்சத்து 60 ஆயிரம். இதைச் சம்பளக் குறைப்பு என்று சொல்ல என்ன தயக்கம்?

இந்த இடத்தில் எனக்கு அயர்லாந்து நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அங்கே வங்கிகள் கவிழ்ந்த கையோடு, 2009 மார்ச்சில் அரசு ஊழியர் மீது ஓய்வூதிய வரி விழுந்தது. முதல் 15,000 யூரோவுக்கு 3 சதவீதம், அடுத்த 5,000-க்கு 6, அதற்கு மேல் 10. கூச்சல் எழவே, முதல் அடுக்குக்கு விலக்கு கொடுத்தார்கள். ஊழியர்கள் வழக்கமான ஓய்வூதியப் பங்களிப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோதே அதன் தலைமேல் ஏற்றிய சுமை இது. கட்டியதற்காக யாருக்கும் ஓய்வூதியம் கூடவில்லை. அன்று அங்கே ஓராண்டுப் பணிக்குச் சம்பளத்தில் எண்பதில் ஒரு பங்கு ஓய்வூதியம். 40 ஆண்டு எட்டாதவர், குறைகிற ஆண்டுகளை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால், அந்த விலை வேறு, வரி வேறு. ஒன்றைக் கட்டியதற்காக மற்றொன்றில் தள்ளுபடி கிடையாது.

கூத்து அதற்குப் பிறகுதான். சட்டத்தின் பெயரிலேயே ‘நிதி நெருக்கடி’ இருந்தது. நெருக்கடி போன பிறகும் வரி போகவில்லை. 2019 ஜனவரியில் அது ‘கூடுதல் ஓய்வூதியப் பங்களிப்பு’ என்று பெயர் மாற்றிக்கொண்டு நிரந்தரமாகக் குடியேறியது. அவர்கள் பத்தாண்டு கழித்து வைத்த பெயரை நாம் முதல் நாளே வைத்துவிட்டோம்.

அயர்லாந்தாவது ஆண்டுகளை விலைக்குத் தருகிறது. இங்கே அதுவும் இல்லை. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் தொகுப்பூதியக் காலத்தில் பாதியைத் தகுதியுள்ள பணிக்காலமாகச் சேர்க்க இடமுண்டு. ஆனால், 1.4.2003-க்கு முன் நிரந்தரமானவர்களுக்கு மட்டும். தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டு 1.6.2006-இல் காலமுறை ஊதியத்துக்கு வந்த ஆசிரியர்கள் அதற்கு முன் பாடம் நடத்திய நாட்கள் என்னவாயின? கரும்பலகைக்கு முன் நின்றது அவர்கள்தானே? 10 சதவீதம் கேட்கும் அரசு, அந்தப் பணத்துக்கு ஈடாக அந்த ஆண்டுகளையாவது கணக்கில் ஏற்றக் கூடாதா?

கஜானா தாங்காது என்பார்கள் நிதி நிபுணர்கள். அரசின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடி ரூபாய் என்று நீட்டுவார்கள். இவர்களுக்கு ஊழியர் என்றாலே செலவுக் கணக்கு. ஊழியரிடம் மாதாமாதம் பிடிக்கிற தொகையை இவர்கள் கூட்டிக் காட்டியதுண்டா? 1.4.2003-க்குப் பின் சேர்ந்தவர்களிடம் பழைய பங்களிப்புத் திட்டத்தில் இத்தனை ஆண்டுகளாகப் பிடித்த தொகையை ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையமான பிஎஃப்ஆர்டிஏவிடம் ஒப்படைக்காமல் தமிழக அரசு தன்னிடமே வைத்திருந்ததே, அப்போது இந்த நிபுணர்கள் எங்கே இருந்தார்கள்?

இந்த 10 நாளை 12 ஆகும், பிறகு 14 ஆகும். அதற்கும் ‘பங்களிப்பு’ என்றுதான் பெயர் இருக்கும். இனிமேல் பேச்சுவார்த்தைக்குக் கோட்டைக்குப் போகும் சங்கத் தலைவர்கள் கோரிக்கை மனுவோடு 2005-ஆம் ஆண்டின் தொகுப்பூதியச் சம்பளப் பட்டியல் ஒன்றையும் எடுத்துப்போகட்டும்.