கண்டுபிடித்ததற்கு என்ன கூலி?

ஜோகூர் பாருவில் ஒரு கார் பட்டறையின் பில்லை எடுத்துப் பார்த்தால், மாற்றிய பாகத்துக்கு விலை போட்டிருக்கும், மாட்டியதற்குக் கூலி போட்டிருக்கும். ஸ்கேனர் செருகியதற்கு ஒரு சிறு தொகை வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் எது பழுது என்று மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு மணி நேரத்துக்குப் பெரும்பாலும் ஒரு வெள்ளிகூட இருக்காது. “பார்த்ததற்கெல்லாமா காசு?” என்பார் வண்டிக்காரர். அவர் சொல்லாவிட்டாலும் பட்டறைக்காரருக்குக் கேட்க வாய் வராது. மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இந்த ஊர்ப் பட்டறைகளுக்குள் இவ்வளவு தயங்கித் தயங்கி வந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கருவி புதிதல்ல. 1897இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் மின்சாரம் ஏறி இறங்குவதைக் கண்ணாடிக் குழாயின் திரையில் ஒளிக்கோடாக ஆட வைத்தார். 1960களில் அமெரிக்கப் பட்டறைகளில் சன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சக்கரம் வைத்த பெரிய பெட்டிகள் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றன. எல்லா சிலிண்டர்களின் தீப்பொறியும் வரிசையாகத் திரையில் தெரியும். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தால் முதல் கோடு மற்றவற்றைவிட உயரமாக எழும். காயில் தளர்ந்திருந்தால் பின்னால் வரும் அதிர்வுகள் சீக்கிரமே அடங்கிவிடும். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடலாம்.

பிறகு காருக்குள் கம்ப்யூட்டர் வந்தது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஒரே மாதிரியான பழுதுக் குறியீடு கட்டாயமானது. வண்டியே தன் நோயைச் சொல்லும்போது அலை பார்ப்பானேன் என்று பலர் ஸ்கோப்பை மூலைக்குத் தள்ளினார்கள். வேடிக்கைதான்: மின்னணு பெருகப் பெருக, மின்னணுவைப் பார்க்கிற கருவி வேண்டாதது ஆனது.

ஜோகூரில் ஸ்கோப் நுழையவே வேறு காலம் வேண்டியிருந்தது. தோட்டத்து டிராக்டரிலும் லோரியிலும் கை பழகி, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் வந்து, ஒரு தவுக்கேயிடம் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக் ஆனவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்குக் காதும் விரல்நுனியுமே கருவி. 1985 ஜூலையில் வந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கான்சிலும் கார்புரேட்டர் வண்டிகள். அந்தக் கருவி போதுமானதாகவே இருந்தது. 2005இல் மைவி வந்தபோது எரிபொருள் பீய்ச்சும் நேரத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிற வண்டி ஒவ்வொரு தாமானிலும் நின்றது.

அப்போதும் ஸ்கோப் தேவைப்படவில்லை, ஏனென்றால் ஹாஃப்-கட் கடை இருந்தது. ஜப்பானில் வாகனப் பரிசோதனைச் செலவு ஏற ஏற, நல்ல நிலையிலுள்ள கார்களையே விட்டுவிடுவார்கள். அங்கும் வலப்பக்க ஸ்டீயரிங். பாதியாக வெட்டி கப்பலில் வந்த வண்டியிலிருந்து எஞ்சினும் வயரிங்கும் கம்ப்யூட்டரும் மலிவாகக் கிடைத்தன. சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டிப் பார்ப்பது அளந்து பார்ப்பதைவிடச் சிக்கனம். கடற்பாலம் தாண்டி வந்து மாலைக்குள் திரும்ப நினைக்கிற சிங்கப்பூர் வண்டிக்காரருக்கும் அதுவே வசதி. இதை மடமை என்று எழுதுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள்.

அந்தக் கணக்கைக் கெடுத்ததில் வெள்ளத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே மறுபடியும் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் பக்கங்கள். இருக்கை வரை நீர் ஏறிய வண்டி காய்ந்து, கழுவி, ஓடவும் தொடங்கிவிடும். வயரின் ரப்பருக்கு உள்ளே செம்பு பச்சை பூத்துக்கொண்டே போகும். மாதங்கள் கழித்து, சூடேறினால் மட்டும், மேடு பள்ளத்தில் மட்டும், எஞ்சின் நின்றுபோகும். ஸ்கேனர் பி0335 என்கிறது: எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சுற்றில் கோளாறு. சுற்று என்றால் சென்சார், வயர், கனெக்டர், கம்ப்யூட்டர் நான்கும். சென்சாரை மாற்றுகிறார்கள், ஒரு வாரம் ஓடுகிறது. கம்ப்யூட்டரை மாற்றுகிறார்கள். நாடி பார்க்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும் வைத்தியம்.

மல்டிமீட்டர் இங்கே உதவாது. பல கார்களில் கிராங்க் சக்கரம் 60 பல்லுக்குப் பிரிக்கப்பட்டு, இடம் அறிய இரண்டு பல் விடப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு பல் சென்சாரைக் கடக்க மில்லி வினாடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். சாதாரண மீட்டர் வினாடிக்கு மூன்று நான்கு முறை எண்ணைப் புதுப்பிக்கும். இரண்டு எண்களுக்கு நடுவே 700க்குக் குறையாத பற்கள் ஓடியிருக்கும். அதில் இரண்டு விடுபட்டால் மீட்டருக்குத் தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும். ஸ்கோப்பின் ஒரு முனையைச் சென்சார் பக்கமும் மற்றொன்றைக் கம்ப்யூட்டர் பக்கமும் வைத்து, வயரைக் கையால் அசைத்தபடி பார்த்தால், இங்கே முழுசாக இருக்கும் அலை அங்கே நறுக்கென்று அறுபடுவது தெரியும். குற்றவாளி வயர். சென்சார் ஒரு தப்பும் செய்யவில்லை.

இதேபோல, ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தைக் கிளாம்ப் மாட்டிப் பார்த்தால் எந்த சிலிண்டரில் அமுக்கம் குறைவு என்று பிளக்கைக் கழற்றாமலே சொல்லலாம். காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச 1986இல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் இணைப்பில் இரண்டு வயர்களும் 2.5 வோல்ட்டிலிருந்து ஒன்று மேலே, ஒன்று கீழே, கண்ணாடிப் பிம்பமாக நகர வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் செத்துக் கிடந்தால் அது கண்ணுக்கே தெரியும். மடிக்கணினியோடு சேர்கிற சீன ஸ்கோப் இன்று சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கியவர்களில் பலருக்கு அது அலமாரியில் தூங்குவதும் உண்மை. நல்ல வண்டியின் அலை எப்படி இருக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைக்காதவருக்கு, கெட்ட அலை வெறும் கோடுதான்.

சேர்த்து வைக்க நேரம் வேண்டும். நேரத்துக்கு யார் கொடுக்கிறார்கள்? இன்றைய பில்லில் பட்டறையின் லாபத்தில் ஒரு பெரும்பகுதி பாகத்தின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. சென்சாரும் கம்ப்யூட்டரும் மாற்றியவருக்கு இரண்டு லாபம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அறுந்த வயரைக் கண்டுபிடித்து ஈயம் வைத்து ஒட்டியவருக்கு ஒரு முழ வயரின் காசு. திறமைசாலியைத் தண்டிக்கிற இந்த ஏற்பாட்டில் எத்தனை பயிற்சி நிலையம் திறந்தாலும் ஸ்கோப் பிடிக்கிற கை பெருகாது என்பது என் எண்ணம்.

ஹாஃப்-கட்டின் காலமும் நீளாது. புது வண்டிகளில் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அந்தந்த வண்டியின் அடையாள எண்ணோடு பிணைக்கப்படுகின்றன; வேறு வண்டியுடையதை மாட்டினால் விழிக்கும். 2024 டிசம்பரில் புரோட்டோனே இ.மாஸ் 7 என்ற மின்சாரக் காரை இறக்கிவிட்டது. நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் வண்டியில் மாட்டிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அளக்கவும் அந்த வோல்ட்டுக்கு ஏற்ற புரோபும் பயிற்சியும் வேண்டும்.

ஆகவே பட்டறைக்காரர்கள் கண்டுபிடிப்புக் கூலியை ஒரு தனித் தொகையாக, சாவியை வாங்கும்போதே சொல்லிவிடட்டும். வண்டிக்காரர்களும் அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டு வாங்கலாம்: பழுதுக்கு முன் எடுத்த அலைப்படமும் பின் எடுத்ததும், பில்லோடு சேர்த்து, கைப்பேசிக்கு.