அரத்துக்கும் ஓர் இடம்

நம் பட்டறையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லும் உரிமையை ஒரு தவறு செய்துதான் சம்பாதித்தேன்.

சென்ற பருவத்தில் மாணவர் பந்தய வண்டியின் குறுக்குக் குழாயை அறுத்தவன் நான். உருண்டைக் குழாயின்மேல் உருண்டைக் குழாய் படிய வேண்டுமானால், முனையை மீன்வாய் போலக் குடைய வேண்டும். நானோ அவசரத்தில் குடைந்தேன். மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தது. “வெல்டிங் நிரப்பிவிடும்” என்றார் ஒருவர், தலையாட்டினேன். 1.6 மி.மீ. தடிமன் அந்தச் சூட்டைத் தாங்குமா? ஒருபுறம் பொத்துக்கொண்டது, மறுபுறம் மேடு தட்டியது. முதல் ஓட்டத்திலேயே மூட்டு பிளந்தது. ஓட்டியவர் தப்பியது அவர் நல்வினை; என் கைவினையன்று.

இப்பொழுது, குழாய் குடையும் இயந்திரம் வேண்டும் என்று கேட்கிறோம். வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் குழாயை ஆடாமல் பிடிக்கத் தெரியாதவனிடம் அதுவும் பல்லை உதிர்க்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பானேன்?

25.4 மி.மீ. குழாயைத் தாளால் சுற்றினால் ஏறக்குறைய 80 மி.மீ. வரும். நான்காக மடித்தால் நான்கு கோடுகள். சம அளவுக் குழாய்கள் செங்கோணத்தில் சேர்வதானால், எதிரெதிரான இரு கோடுகளில் முனையிலிருந்து 12.7 மி.மீ. உள்ளே குறியிடுங்கள், அது குழாயின் ஆரம். மற்ற இரு கோடுகளும் முனையைத் தொடும் இடங்கள் காதுகளாக நிற்கும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஆக்ஸா பிளேடால் ஒவ்வொரு காதிலிருந்தும் குறியை நோக்கி 45 பாகையில் ஓர் அறுப்பு. எஞ்சியதை அரைவட்ட அரத்தால் ராவ வேண்டும். சாய்ந்த மூட்டுக்குக் கணினி வரைந்து தரும் தாளை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் தாள் அறிவது வெளித்தோலை மட்டுமே. காதுகளின் உள்விளிம்புதான் முதலில் இடிக்கும். நான் கோட்டை விட்டதும் அங்கேதான். நாலு தேய்ப்பு, ஒருமுறை பொருத்திப் பார்ப்பு, மீண்டும் நாலு தேய்ப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி கசியக் கூடாது.

புதிதாய்ச் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மூட்டையாவது இப்படிக் கையால் ராவிய பிறகே இயந்திரத்தைத் தொடட்டும் என்பேன். வைஸில் குழாய் நசுங்காதிருக்கப் பள்ளம் வெட்டிய மரக்கட்டைகள் இரண்டு செய்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பட்டறையில் இருப்பேன்.